போதையிலிருந்து மீளும் பிள்ளை: மலையகப் பெற்றோர் யாரிடம் உதவி கேட்கலாம்?

பிள்ளை ஐஸ், தூள் (ஹெரோயின்), மாத்திரை என்று பழகிவிட்டது தெரிந்ததும் நம் தோட்டங்களில் முதலில் வரும் பயம், லயம் முழுக்கப் பேச்சாகிவிடுமே என்பது. அடுத்த பயம் பொலிஸ். இந்த இரண்டு பயத்திலேயே மாதக்கணக்கு ஓடிவிடுகிறது. ஆனால் சிகிச்சை கேட்டுப் போக வழக்கும் வேண்டாம், பொலிஸும் வேண்டாம்.

முதலில் 1927 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். இது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம். பிள்ளைதான் பேச வேண்டும் என்றில்லை, அம்மாவோ அப்பாவோ பேசலாம். இந்தச் சபைக்குத் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் கொழும்பு, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் உள்ளன. நமக்குக் கிட்டியது கண்டி.

போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தானாக விரும்பிப் போவது. மற்றது, அரச வைத்தியர் பரிசோதித்துச் சான்று தந்த பிறகு நீதவான் கட்டாய சிகிச்சைக்கு அனுப்புவது. கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம் என்று நாம் கேள்விப்படுவது இந்த இரண்டாவது வழி. பிள்ளை மனம் வைக்கும்போதே முதல் வழியில் கூட்டிப்போவதுதான் நல்லது என்பேன்.

கண்டி வரை போக முடியாவிட்டால் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ போய், மனநல வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை. கிளினிக் நாளில் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போகும், அது சிறிய இழப்பில்லை. ஆனாலும் கொப்பியில் எழுதிய திகதியைத் தவறவிடாதீர்கள். அப்புறம், நாள்தோறும் அதிகம் குடித்துப் பழகியவரை வீட்டில் அடைத்துத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் சொல்கிறபடிதான் நிறுத்த வேண்டும்.

பிள்ளை வீடு திரும்பிய பிறகுதான் பெற்றோருக்கு உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. "இனிச் சரி" என்று எல்லோரும் மூச்சு விடும் அந்த வாரங்களில்தான் பழைய கூட்டாளி வாசலில் வந்து நிற்பான். மறுபடி ஒருமுறை தொட்டுவிட்டால் எல்லாம் வீண் என்று நினைக்காதீர்கள், அடித்து விரட்டாதீர்கள். இந்த நோயில் அப்படி நடப்பதுண்டு. உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். தூள் பாவித்த பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கொஞ்ச காலம் நிறுத்திய உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி இருக்காது. எழுப்பியும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பயத்தில் ஒளிக்காமல் என்ன பாவித்தான் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் சந்திக்கலாம். யாராவது பிள்ளையைப் பாவித்துத் தூள் விற்கிறார்கள் என்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்குச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் பற்றியும் ஒன்று: 16 வயது வரை கல்வி கட்டாயம். "இனி இங்கே வேண்டாம்" என்று அதிபர் சொன்னால் அதோடு திரும்பி வராமல் வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். படிப்பைத் தாண்டிய பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பயிற்சிகள் இருக்கின்றன. பகல் முழுக்கச் சும்மா இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு நமக்குத் தந்திருக்கிறது. சிங்களப் படிவத்தை நீட்டினால், புரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் தூக்கமில்லாமல், யாரிடமும் சொல்லாமல் கொழுந்து மலைக்கு ஏறி இறங்கும் அம்மாக்களே, 1926 உங்களுக்கும் சேர்த்துத்தான். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இரவு இரண்டு மணிக்கும் பேசலாம்.