ட்ராமா: புண்ணா, வடுவா?

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் கைப்பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். கதை 1816இல் லண்டனில் நடக்கிறது. வாட்டர்லூ போரிலிருந்து திரும்பிய அதிகாரி ஒருவன். மணமாகி ஆறு மாதமாகியும், கதவு தட்டப்பட்டாலே நடுங்குகிற மனைவி. அவளைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் எழுதியிருந்தார்: “அவளுக்குப் பழைய டிராமா ஒன்று இருந்தது.” நாடகக்காரியாக இருந்தவளோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் சொல்ல வந்தது trauma. ‘ட்ராமா’ என்று திருத்தினாலும் நாடகம் விலகாது. காதில் விழுவது ஒரே ஒலிதான்.

ட்ராமா கிரேக்கச் சொல். பொருள்: புண், காயம். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவத்துக்குள் வந்தது; நெடுங்காலம் உடற்காயத்தை மட்டுமே குறித்தது. 1860களில் ரயில் விபத்தில் எலும்பு முறியாமல் தப்பியவர்களும் தூக்கமின்றித் தவிப்பதைக் கண்ட மருத்துவர்கள், முதுகுத்தண்டில் பழுது தேடினார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் மனத்தின் காயத்துக்கும் இதே சொல் பரவியது.

ஆகவே ரீஜென்சி காலத்தில், அதாவது மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநோயுற்றதால் மகன் அவருக்காக ஆட்சிப் பொறுப்பேற்ற 1811 முதல் 1820 வரை, இந்தப் பொருளில் இந்தச் சொல் யார் வாயிலும் இல்லை. ‘நரம்புத் தளர்ச்சி’, ‘மனச்சோர்வு’, மிஞ்சினால் ‘பித்து’ என்பார்கள்.

சொல் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதற்குக் கவிஞர் பைரனின் வீடே சாட்சி. 1815 ஜனவரியில் அவர் அன்னபெல்லாவை மணந்தார். கடன், குடி, கட்டுக்கடங்காத கோபம். ஆண்டு முடிவதற்குள் ஜப்தி ஆட்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். டிசம்பரில் மகள் பிறந்தாள். கணவருக்குப் பித்துப் பிடித்திருக்கிறதா என்று அன்னபெல்லா டாக்டர் பெய்லியிடம் ஆலோசனை கேட்டார். ஐந்து வாரக் குழந்தையோடு 1816 ஜனவரியில் வீட்டை விட்டுக் கிளம்பினார். பைரன் சிறுவயதில் தாதி ஒருத்தியிடம் அடியும் தகாத தொடுகையும் பட்டவர். அது அவருடைய கொடுமைக்குச் சமாதானம் ஆகாது. ஆனால் அன்னபெல்லாவுக்குக் கேட்கக் கிடைத்த கேள்வி ‘பைத்தியமா?’ என்பது ஒன்றுதான். பைத்தியம் இல்லை என்றால் கொடியவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இல்லை. ஏப்ரலில் பிரிவுப் பத்திரம் கையெழுத்தானது. அது மணமுறிவு அல்ல. 1857இன் சட்டம் வரும்வரை முழு மணமுறிவுக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற வேண்டும். அப்படிப் பெற்ற மனைவியர் நால்வர்தான்.

தமிழில் என்ன சொல்வது? ‘மன அதிர்ச்சி’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. எனக்கு அது பொருந்தவில்லை. அதிர்ச்சி அந்தக் கணத்துக்கு உரியது. நாம் பேசுவது ஆண்டுகள் கழிந்தும் படுக்கையறை வரை வருவதைப் பற்றி. ‘மன உளைச்சல்’ இன்றைய கவலையைச் சொல்லும். ‘உளக்காயம்’ கிரேக்கத்துக்கு நேரான மொழிபெயர்ப்பு. மருத்துவக் கட்டுரைக்கு அதுவே சரி.

கதைக்கு நான் ‘வடு’ என்பேன். “தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு” என்ற குறள் புண்ணையும் வடுவையும் எவ்வளவு துல்லியமாகப் பிரிக்கிறது! தீ சுட்டது புண், அது ஆறும். மனத்தில் நின்றுவிட்டது வடு. வள்ளுவரே வேறிடத்தில், குற்றவாளியைத் தண்டிப்பது “வடுவன்று வேந்தன் தொழில்” என்கிறார். அங்கே வடுவுக்குப் பொருள் பழி, குறை. தழும்புக்கும் பழிக்கும் ஒரே சொல். இந்த இரட்டைப் பொருள்தான் என்னை நிறுத்தியது. அந்தக் கால மனைவி தன் பழைய துன்பத்தைக் கணவனிடம் மறைப்பது ஏன்? பட்ட காயத்தையே ஊர் அவள்மேல் பழியாக எழுதும் என்பதால். ட்ராமா என்ற சொல்லுக்குள் இது கிடையாது, வடுவுக்குள் இருக்கிறது.

கைப்பிரதியில் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: “கதவு தட்டப்பட்டது. தேநீர்க் கோப்பையை அவள் இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். அந்த வடுவை அவன் கண்டுவிட்டான். அவள் சொல்லும்வரை கேட்பதில்லை என்று கதவுக்கு வெளியிலேயே நின்றான்.”