சரீரமா, யாக்கையா?

போன வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து சித்தி ஊட்டிக்கு வந்தார். பர்லியாறு தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏற, காது அடைத்துக்கொண்டதாம், எச்சிலை விழுங்கியதும் 'டப்'பென்று திறந்ததாம். "கர்த்தர் இந்தச் சரீரத்தை என்னமா படைச்சிருக்கார் பாரு" என்றார். படைப்பைப் பற்றி எனக்கும் அவருக்கும் தகராறில்லை, நான் மாட்டிக்கொண்டது சரீரம் என்ற சொல்லில்.

அது வடசொல். வேதாகமத் தமிழில் ஊறிவிட்டதால் சபைகளில் அதுதான் புழக்கம். சிதைதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது வடமொழி வழக்கம். சிதையக்கூடியது எதுவோ அது சரீரம். படைப்பை மெச்ச எடுத்த சொல்லுக்குள்ளே அழிவு உட்கார்ந்திருக்கிறது, வேடிக்கைதான்.

தமிழில் உடல், உடம்பு, மெய் எல்லாம் இருந்தாலும் சித்தி சொல்ல வந்ததற்கு யாக்கைதான் கச்சிதம். யாத்தல் என்றால் கட்டுதல். கவி யாத்தான் என்கிறோமே, செய்யுளின் கட்டுக்கோப்பை யாப்பு என்கிறோமே, எல்லாம் அந்த 'யா'தான். யாக்கை முதலில் கட்டும் செயல், அப்புறம் கட்டப்பட்ட உடம்பு. எழுவகைத் தாதுக்களால் கட்டப்பட்டது என்று பழைய விளக்கம். ரத்தம், தசை, எலும்பு, மஜ்ஜை எல்லாம் அந்த ஏழில் வரும். குறள் 79 அன்பையே யாக்கையின் அகத்துறுப்பு என்கிறது.

கட்டு என்றால் எப்படிப்பட்ட கட்டு? காதையே பாருங்கள். நடுக்காதிலிருந்து தொண்டைக்கு ஒரு சிறு குழாய், விழுங்கும்போது அது திறந்து உள்ளே வெளியே காற்றழுத்தத்தைச் சரிசெய்கிறது. இதைவிட எனக்குப் பிடித்தது சிறுநீரகத்தின் வேலை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், இங்கே ஒவ்வொரு மூச்சிலும் கடலோரத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு ஆக்ஸிஜன் குறைவு, அந்தக் குறையை உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது நுரையீரல் இல்லை, எங்கோ இடுப்புக்கு மேலே முதுகுப்பக்கம் கிடக்கும் சிறுநீரகம். அந்தச் சேதி ரத்தத்தோடு போய் எலும்பு மஜ்ஜையைச் சேர, மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது. செல்கள் ஆக்ஸிஜன் அளவை எப்படி அறிகின்றன என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. முடிச்சு எங்கே, அவிழும் இடம் எங்கே!

அதற்காக டாக்டரிடம் போய் "யாக்கை சரியில்லை" என்று சொல்லிவிடாதீர்கள், அங்கே உடம்புதான். மேடையில், ஜெபத்தில், எழுத்தில் சரீரம் வரும் இடத்தில் யாக்கையைத் தாராளமாக வைக்கலாம்.

சித்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார்: "கட்டினதுன்னு சொல்லுது, சரி. கட்டினவர் யாருன்னு அந்தச் சொல்லுல இருக்கா?"

இல்லை, சித்தி. அதற்கு எழுவாய் கிடையாது.

"அதை நான் சொல்லிக்கிறேன்" என்றார்.