செட்டப் ஃபோல்டரில் யார் எழுதலாம்?

பத்து, பதினைந்து கம்ப்யூட்டர் உள்ள சிறிய அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பராமரிப்பது என் வேலை. அங்கெல்லாம் பிரிண்டர் டிரைவர், டேலி, தமிழ் ஃபான்ட் என்று எல்லா செட்டப்பையும் ஒரே மெஷினில் போட்டு, அந்த ஃபோல்டரை ஷேர் செய்திருப்பார்கள். பென் டிரைவோடு ஒவ்வொரு மேசையாக அலைய வேண்டியதில்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல இடங்களில் அந்த ஷேரில் ‘எவ்ரிஒன்’ என்பதற்கு ‘ஃபுல் கண்ட்ரோல்’ கொடுத்திருக்கிறார்கள், அதாவது யார் வேண்டுமானாலும் அங்கே எழுதலாம், மாற்றலாம், அழிக்கலாம். எனக்குப் பயம் அதுதான்.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நடந்தது. ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்குப் பென் டிரைவ் வழியாக ஒரு வைரஸ் வந்தது. இஎக்ஸ்இ ஃபைல்களுக்குள், அதாவது இயங்கும் புரோகிராம்களுக்குள், தன்னை ஒட்டிக்கொள்ளும் ரகம். ஷேரில் எழுத அனுமதி இருந்ததால் அங்கிருந்த செட்டப் ஃபைல்களிலும் ஏறிவிட்டது. மறுநாள் புது பிரிண்டர் வந்தது. ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து, அட்மின் பாஸ்வேர்டு கொடுத்து, அந்த ஷேரிலிருந்தே டிரைவரை ஏற்றினார்கள். வைரஸுக்கு வேறு வழியே தேவைப்படவில்லை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய வாரத்தில் மூன்று நாள் வேலை நின்றது.

இத்தகைய அலுவலகங்களில் மையச் சர்வர் இல்லாமல் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ‘வொர்க்குரூப்’ முறைதான் இருக்கும்; அதில் எல்லாருக்குமான பொதுப் பயனர் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு மெஷினும் தனக்குத் தெரிந்த பெயர்களை மட்டுமே நம்பும். மையச் சர்வர் எல்லாவற்றையும் நிர்வகிக்கும் ‘டொமைன்’ முறையில் செய்வதுபோல ஓரிடத்திலிருந்து எல்லாருக்கும் சாஃப்ட்வேரைத் தள்ளவும் முடியாது. பாஸ்வேர்டு கேட்கிறதே என்று சலித்து, பாஸ்வேர்டு பாதுகாப்பையே அணைத்துவிடுவது இதனால்தான். அப்படிச் செய்யாதீர்கள். ஷேர் உள்ள மெஷினில் சாதாரண உரிமையோடு ஒரு தனி அக்கவுண்ட் உருவாக்கி, நல்ல பாஸ்வேர்டு வையுங்கள். ஊழியர்களின் மெஷினில் ஒருமுறை அதைக் கொடுத்து, நினைவில் வைக்கச் சொன்னால் போதும்.

அப்புறம், ஷேரிங் அனுமதியில் ‘எவ்ரிஒன்’னை எடுத்துவிட்டு, அந்த அக்கவுண்டுக்கு ‘ரீட்’ மட்டும் கொடுங்கள். செக்யூரிட்டி டேபிலும் அதற்குப் படிக்கும் உரிமை போதும். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இந்த இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். புது செட்டப் போட வேண்டுமானால் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து அட்மினாகப் போடுங்கள். போடும் முன் ப்ராப்பர்டீஸில் டிஜிட்டல் கையெழுத்தைப் பாருங்கள். கையெழுத்திட்ட ஃபைலில் வைரஸ் ஒட்டியிருந்தால் அது செல்லாது என்று காட்டும்.

இன்னொன்று. பழைய ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று எஸ்எம்பி 1-ஐ, அதாவது விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கின் பழைய முறையை, திரும்ப இயக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை ரான்சம்வேர் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது. ஸ்கேனரை மாற்றுங்கள், அந்தக் கதவைத் திறக்காதீர்கள்.

ஷேரை இசட் டிரைவ் என்று மேப் செய்து (ஒரு டிரைவ் எழுத்தோடு இணைத்து) வைத்திருந்து, செட்டப்பை ஏற்றும்போது அந்த டிரைவ் காணவில்லை என்று வந்தால் பதற வேண்டாம். அட்மினாக இயக்கும்போது சாதாரண பயனருக்கு மேப் செய்த டிரைவ் தெரியாமல் போகும். கம்ப்யூட்டர் பெயரோடு முழுப் பாதையையும் அடியுங்கள். அந்தப் பாதையை அடிக்கடி மாற்றவும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒரு சாஃப்ட்வேரை ரிப்பேர் செய்யும்போது, பழைய இடத்தில்தான் அது செட்டப்பைத் தேடும்.