ராஜி: எல்லை தாண்டினால் பொருள் மாறும் சொல்

களியக்காவிளை தாண்டினால் 'ராஜி' என்ற சொல்லுக்குப் பொருள் மாறிவிடும். அந்தப் பக்கத்து மலையாளப் பத்திரிகையில் 'மந்திரி ராஜி வெச்சு' என்றிருந்தால் அமைச்சர் பதவி விலகிவிட்டார். இந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில் 'ரெண்டு வீட்டுக்காரங்களும் ராஜி ஆயாச்சு' என்றால் சண்டை தீர்ந்தது. வடக்கே திருத்தணி தாண்டி நகரி, புத்தூர்ப் பக்கம் தெலுங்கிலும் 'ராஜீ' என்றால் இணக்கம்தான். 'ராஜீ மார்க்கமே ராஜமார்க்கம்' என்று லோக் அதாலத்தை, அதாவது மக்கள் நீதிமன்றத்தை, ஒட்டி அங்கே சொல்வார்கள். எதுகை காதுக்கு இனிமை. ஆனால் ராஜாவுக்கும் ராஜிக்கும் உறவில்லை.

வேர் அரபு. 'ராஸீ' என்றால் மனம் நிறைந்தவர், இசைந்தவர். பாரசீகத்தின் 'நாமா', அதாவது எழுத்து, சேர்ந்து ராஜிநாமா ஆயிற்று: வழக்காடிய இருவரும் இசைந்து எழுதிக்கொடுக்கும் பத்திரம். குடியானவர் தன் நிலத்தை விட்டு, சர்க்காருக்கு எழுதிக்கொடுத்த காகிதத்துக்கும் அதே பெயர். பதவி விலகல் என்ற பொருள் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ராஜி, ஆக, காகிதத்தோடு பிறந்த சொல். இரண்டு பேர் வரப்புத் தகராறுக்கு அது போதும். இரண்டு ஊர் மோதிக்கொண்டால் போதாது என்பது குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்துக்குப் பிறகு சைவ மடாதிபதி குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து அமைதிக்காகப் பாடுபட்டார். கோட்டாட்சியர் கூட்டும் சமாதானக் கூட்டத்தில் கையெழுத்து விழலாம். ஆனால் பஸ் மறுபடி ஓட வேண்டும், பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், கடற்கரைப் பெண் மீன்கூடையோடு மேட்டுப்புறச் சந்தைக்குப் பயமில்லாமல் வர வேண்டும். அதுவரை அது பாதி அமைதிதான்.

கென்யாவின் வஜீரில் 1990களில் இனக்குழுச் சண்டை நடந்தபோது, டெக்கா இப்ராஹிம் அப்தி உள்ளிட்ட உள்ளூர்ப் பெண்கள் முதலில் சந்தையைத்தான் பிடித்தார்கள். எந்தக் குழுப் பெண்ணும் அங்கே வாங்கலாம், விற்கலாம் என்று உறுதிசெய்து காவல் நின்றார்கள். பெரியவர்களும் இளைஞர்களும் அதிகாரிகளும் சேர்ந்தது அதற்கப்புறம்.

காகிதத்தோடு நிற்காத இந்த அமைதியைச் சொல்லத் தமிழில் என்ன சொல்? 'சமரசம்' வடமொழி, ஒரே சுவை என்பது பொருள். வள்ளலார் வாயில் உயர்ந்து நின்ற அந்தச் சொல், இன்று 'சமரசம் செய்துகொள்ளாதவர்' என்ற புகழுரையால் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. 'உடன்பாடு' ஒப்பந்தத்துக்குப் பொருந்தும், மறுபடியும் காகிதம்தான்.

நான் எடுப்பது 'ஒப்புரவு'. ஒப்பு என்ற அடியில் சமமும் இசைவும் உண்டு. குமரியில் தேவாலயத்துக்குப் போகிற யாருக்கும் இது வீட்டுச்சொல்: 'முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி' என்ற வசனம் மத்தேயுவில் இருக்கிறது. அதே சொல் திருக்குறளின் 22ஆம் அதிகாரத் தலைப்பிலும் இருக்கிறது. அங்கே பொருள் வேறு: ஊருக்கு உதவி வாழ்தல். அந்த அதிகாரத்தில்தான் 'ஊருணி நீர்நிறைந் தற்றே' என்ற குறள் வருகிறது. ஊர் குடிக்கும் குளம் நிறைவது ஒரு பொருள், பகைத்தவர்கள் கூடுவது இன்னொரு பொருள். இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. மோதிக்கொண்ட இரு தரப்புக்கும் அது ஏற்கெனவே சொந்தம் என்பதுதான் எனக்குப் பெரிது.

2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தில் ஊர் அமைதியைக் குலைக்கும் தகராறுகளுக்குத் தனி இடம் உண்டு. மூவர் குழு பேசித் தீர்க்கலாம். அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைபோல நிறைவேற்றத் தக்கதல்ல. ஊர்க்காரர் மனமே அதற்குப் பிடிமானம். இதை ராஜி என்பதைவிட ஒப்புரவு என்பதே சரி.

எழுதும்போது ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்துவைத்தால் 'ஒப்புரவாக்கினார்'. ஊர்க்காரர்களே உட்கார்ந்து பேசி, அடைத்த தண்ணீர்க் குழாயைத் தாங்களே திறந்துவிட்டால் 'ஒப்புரவானார்கள்'. உள்ளூரார் முன்னின்று செய்யும் அமைதிப் பணிக்கு இந்த இரண்டாவது வினைதான் வேண்டும்.