உப்புக்காற்றில் தூங்கிய துப்பாக்கி

கீழக்கரையிலிருந்து ஒரு பாய் என் பட்டறைக்கு வந்தார். தென்னாப்பிரிக்காவில் தொழில். ஒரு கையில் லைசென்ஸ், மறு கையில் தோல் உறை. உள்ளே அவருடைய வாப்பா வைத்திருந்த .375 மேக்னம் ரைஃபிள்.

"அங்க காட்டெருமை வேட்டைக்குக் கூப்பிடுறாங்கண்ணே. இதையே கொண்டு போகலாம்னு பாக்குறேன். எண்ணெய் போட்டு நல்லாத்தான் வச்சிருக்கோம்."

பளபளவென்றுதான் இருந்தது. அந்தப் பளபளப்பில்தான் எனக்குச் சந்தேகம். முதலில் காலியா என்று பார்த்துவிட்டு தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றினேன். வருடக்கணக்கில் பூசிய எண்ணெய் உள்ளே பிசினாக இறுகியிருந்தது. ஊசி வேகமாகப் போய்த் தோட்டாவைத் தட்டாது. நம்மூர் டார்கெட்டில் 'டிக்' என்று நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பாய்ந்து வரும் எருமை முன்னால் முடியுமா?

மரக்கட்டையிலிருந்து குழலைப் பிரித்தபோது அடிப்பக்கம் கருவாட்டுத் தோல் மாதிரி சொரசொரத்திருந்தது. மேலே துடைத்தவர்கள் கீழே பார்க்கவில்லை. காரணம் பாதி கடல்காற்று, பாதி அந்தத் தோல் உறை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துப்பாக்கியை அதற்குள் பூட்டி வைப்பது துருவுக்குத் தொட்டில் கட்டுவது போல.

குழலுக்குள் இன்னொரு உப்பு. பழைய தோட்டாக்கள் பலவற்றின் கேப்பில், அதாவது ஊசி தட்டியதும் பற்றும் மூடியில், பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் தங்கி, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால் சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகுதான் எண்ணெய். உப்பளம் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லவா வேண்டும்? ஆனாலும் துப்பாக்கிக்குத் தண்ணீர் என்றால் எல்லோரும் பதறுகிறார்கள்.

தோட்டா உட்காரும் சேம்பரிலும் அரிப்புக் குழிகள். 1912-இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி இந்தத் தோட்டாவைக் கொண்டுவந்தபோது அதன் பித்தளைக் கூட்டை நுனி நோக்கிச் சரிவாகச் செய்தது. வெக்கையிலும் சிக்காமல் வெளியே வருவதற்கு அது உதவும். சேம்பர் குழிவிழுந்தால் அந்தச் சரிவு என்ன செய்யும்? கூடு ஒட்டிக்கொண்டால் இரண்டாவது குண்டு இல்லை.

உதை வேறு. 300 கிரெய்ன் குண்டு, ஏறக்குறைய 19 கிராம். சாதாரண .30-06 வேட்டை ரைஃபிளைப்போல இரு மடங்கு உதைக்கும். கட்டையில், உதையைத் தாங்கும் ரீகாயில் லக் உட்காரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தது. இங்கே ஈரத்தில் ஊதிய மரம் அங்கே வறண்ட காட்டில் சுருங்கும், திருகுகள் தளரும். எந்த ரைஃபிளானாலும் போய் இறங்கிய இடத்தில் மறுபடி சுட்டுக் குறி சரிபார்க்காமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

இடையில் ஒன்று. இதைப் படித்துவிட்டு "நம்ம பக்கம் பன்றிக்கு" என்று யாரும் வர வேண்டாம். 1972 வனஉயிரினச் சட்டம் இருக்கிறது. பெரியவர் தவறிவிட்டால் அவர் துப்பாக்கியைப் பரணில் போட்டுவிடாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு பெயருக்கு மனுப் போடுங்கள்.

பாயிடம் சொன்னேன்: "இத கொண்டு போகாதீங்க. அங்க வேட்டைக்குக் கூட்டிப் போறவங்களே வாடகைக்குத் தருவாங்க. வாப்பா துப்பாக்கிய நான் துருவெடுத்து, காஞ்ச துணி உறையில தாரேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தத் தோல் உறைய மட்டும் தூக்கிப் போட்டுராதீங்கண்ணே" என்றார்.