எரிமலைமேல் பழியைப் போடுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்

எங்காவது ஓர் எரிமலை வெடித்தால் போதும். "மனிதன் விடும் புகையெல்லாம் இதற்கு முன்னால் தூசு. அந்தக் காலத்தில் உயிரினங்களை அழித்ததும் எரிமலைதானே?" என்ற செய்தி வாட்ஸப்பில் மறுபடி கிளம்பிவிடுகிறது. நிலவியல் படித்தவர்களே அதைப் பகிரும்போது பேசாமல் இருக்க முடியவில்லை.

உலகின் எரிமலைகள் அத்தனையும், கடலடியில் உள்ளவையும் சேர்த்து, ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு 100 கோடி டன்னைக்கூட எட்டுவதில்லை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் வழியாக நாம் விடுவது 3,600 கோடி டன்னுக்கு மேல். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடூபோ வெடித்தபோது வந்தது ஏறத்தாழ 5 கோடி டன். அதை நாம் அரை நாளில் விட்டுவிடுகிறோம்! அந்த வெடிப்பு பூமியைச் சூடாக்கவும் இல்லை. அதன் கந்தக வாயு வெயிலை மறைத்ததால் ஓரிரு ஆண்டுகள் சராசரி வெப்பம் அரை டிகிரி அளவுக்குக் குறைந்தது.

அப்படியானால் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் என்ற நிலவியல் காலத்தின் முடிவில் நடந்தது என்ன? விலங்குகள் லாவாவில் வெந்து சாகவில்லை. லாவா பரவியது சைபீரியாவில். கடல்வாழ் இனங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் மறைந்தது உலகம் முழுக்க. தென்சீனாவின் மெய்ஷான் பாறைகளில் அந்த அழிவு அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறது. மேலே வராமல் நிலத்தடியிலேயே தங்கிய பாறைக் குழம்பு (மாக்மா), சைபீரியாவின் துங்குஸ்கா படுகையின் பாறை அடுக்குகளுக்கு நடுவே பலகை பலகையாகப் புகுந்து, அங்கிருந்த நிலக்கரியையும் சுண்ணாம்புக் கல்லையும் உப்புப் படிவையும் சுட்டது. கரியமில வாயுவும் மீத்தேனும் பெருகின, கடல் சூடேறி ஆக்சிஜனை இழந்தது. அன்று எரிந்ததும் நிலக்கரிதான். இதைச் சொல்லி இன்றைய புகைக்கு எப்படி வக்காலத்து வாங்குகிறீர்கள்? அன்று பல்லாயிரம் ஆண்டுகளில் நடந்ததை இன்று சில நூற்றாண்டுகளுக்குள் அடக்கப் பார்க்கிறோம்.

பகிர்வதற்கு முன் வாயுவின் பெயரைப் பாருங்கள். கந்தக டை ஆக்சைடின் எண்ணைக் கரியமில வாயுவின் எண்ணாக்கிவிடுகிறார்கள். எடை கார்பனுக்கா, கரியமில வாயுவுக்கா என்று கேளுங்கள்; ஒரு டன் கார்பன் என்றால் 3.67 டன் வாயு. ஒரு வெடிப்பின் அளவா, ஓர் ஆண்டின் அளவா என்பதும் முக்கியம். இன்னமும் சந்தேகமென்றால் காற்றையே கேட்கலாம்: அதில் கார்பனின் சற்றுக் கனமான வகையான கார்பன்-13இன் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. தாவரங்களிலிருந்து உருவான எரிபொருள் எரிந்தால்தான் இந்த அளவுக்குக் குறையும். எரிமலை வாயுவில் கார்பன்-13 அதைவிட அதிகம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெர்மியன் பாடத்துக்குக் கூம்பு மலையும் சிவப்புக் குழம்பும் வரைந்து முடித்துவிடாதீர்கள். சைபீரியாவில் லாவா வந்தது நீண்ட நிலப்பிளவுகள் வழியாக. அந்தப் பிளவுக்குக் கீழே நிலக்கரி அடுக்கையும் அதற்குள் புகும் மாக்மாவையும் தயவுசெய்து வரைந்து காட்டுங்கள்.