சர்வதேசக் கணினியியல் மாநாடு: அனுமதி முதலில், மானியம் பிறகு

மென்பொருள் தொழில்நுட்பத்துக்கும் கோட்பாட்டுக் கணினியியலுக்குமான எஃப்எஸ்டிடிசிஎஸ் மாநாடு 1981 முதல் இந்தியாவில் ஆண்டுதோறும் நடக்கிறது. 2022-இல் சென்னை ஐஐடி நடத்தியது. அப்படியொரு மாநாட்டை உங்கள் நிறுவனம் ஏற்றால், மானிய விண்ணப்பத்துக்கு முன்பே அனுமதிக் கோப்பை நகர்த்திவிடுங்கள். மானியம் தாமதமானால் எப்படியாவது சமாளிக்கலாம். அனுமதி தாமதமானால் அழைத்த பேச்சாளருக்கு விசா கிடைக்காது.

வெளிநாட்டினர் நேரில் வரும் மாநாட்டுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதி தேவை. பாகிஸ்தான், ஈரான் போன்ற சில நாட்டுக் குடிமக்கள் வருவதாக இருந்தால் உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். அதற்குத்தான் காலம் பிடிக்கும். பலர் சறுக்குவதும் இங்கேதான்: பணிபுரியும் நாட்டை வைத்துப் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். அரசு பார்ப்பது பாஸ்போர்ட்டை. கனடாவில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஈரான் மாணவருக்கும் இதே விதிதான். டிசம்பர் மாநாட்டுக்குக் கட்டுரை முடிவுகள் செப்டம்பர் வாக்கில்தான் தெரியும். அதனால் கட்டுரை ஏற்கப்பட்ட தகவலை அனுப்பும் அன்றே குடியுரிமையையும் கேட்டு வாங்குங்கள்.

வருகிறவர்கள் மாநாட்டு விசாவில் வர வேண்டும். சுற்றுலா விசாவில் வரச் சொல்லாதீர்கள். அழைப்புக் கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். பாஸ்போர்ட் எண், தேதிகள், இடம் மூன்றையும் எழுதுங்கள். மாநாட்டின் பெயர் அனுமதிக் கடிதத்தில் எப்படியோ அப்படியே வரட்டும். ஒன்றில் முழுப்பெயர், இன்னொன்றில் சுருக்கப்பெயர் என்றிருந்தால் விண்ணப்பம் கேள்வியோடு திரும்பும். மாநாட்டுக்கு முன்னும் பின்னும் பயிலரங்கு உண்டென்றால் அந்த நாட்களையும் அனுமதிக் கோரிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள்.

இனி பணம். முன்பு மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியமான எஸ்இஆர்பி தந்த கருத்தரங்கு உதவி, 2024-இல் அந்த வாரியம் ஏஎன்ஆர்எஃப் என்னும் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையில் இணைந்ததால், அதன்கீழ் வந்துவிட்டது. அது செலவின் ஒரு பகுதிக்குத்தான் வரும். ஆகவே அரங்கு, உணவு போன்ற தவிர்க்க முடியாத செலவுகளைப் பதிவுக் கட்டணத்திலேயே அடக்குங்கள். கட்டணத்தை அறிவிக்கும் முன் ஜிஎஸ்டி 18 சதவீதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். மாணவர் கட்டணத்தை மட்டும் ஏற்ற வேண்டாம். மானியம் வந்தால் முதலில் அவர்களின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஒதுக்குங்கள்.

மானியத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். அதில் சேரும் வட்டி அரசுக்குத் திரும்ப வேண்டிய பணம். டிசம்பரில் மாநாடு முடிந்து, பில்கள் மார்ச் 31-ஐத் தாண்டினால் கணக்கு இரண்டு நிதியாண்டுகளில் பிரியும்; மானியம் எதற்குச் செலவானது என்று காட்ட, மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் தரும் பயன்பாட்டுச் சான்றிதழும் அப்படியே பிரியும். உணவு ஒப்பந்ததாரரின் இறுதி பில்லை ஜனவரியிலேயே வாங்கிவிடுங்கள்.

வெளிநாட்டு நிறுவனம் நன்கொடை தர முன்வந்தால் நிதி அதிகாரியிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள். பதிவுக் கட்டணம் சேவைக்கான கட்டணம். நன்கொடை அப்படியல்ல, அதற்கு வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் பொருந்தும். அந்தச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பும் பணத்தை டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் உள்ள எஃப்சிஆர்ஏ கணக்கில்தான் முதலில் பெற முடியும்.

பட்ஜெட்டில் பலர் மறக்கும் செலவு ஒன்று உண்டு. எஃப்எஸ்டிடிசிஎஸ் கட்டுரைத் தொகுப்பு 2008 முதல் ஜெர்மனியின் டாக்‌ஸ்டூல் கணினியியல் மையம் நடத்தும் லிபிக்ஸ் என்னும் மாநாட்டுத் தொகுப்பு வரிசையில் வருகிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் கட்டுரைக்கு இவ்வளவு என்ற கட்டணத்தை மாநாட்டுத் தரப்புதான் யூரோவில் கட்டுகிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் என்பதால் வங்கி வருமானவரிப் படிவம் கேட்கும். கணக்குப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.